பச்சையைத் தின்ற செல்

என் அப்பத்தாவின் இடது முன்கையில் பச்சைக் கோலம் ஒன்று இருந்தது. நாலு புள்ளி, அவற்றைச் சுற்றி வளைந்தோடும் ஒரே கோடு. பதினோரு வயதில், ஊருக்கு வந்த பச்சை குத்தும் பெண்ணுக்கு ஒரு படி நெல் அளந்து கொடுத்துக் குத்திக்கொண்டாராம். எண்பத்து மூன்றில் அவர் கண் மூடிய அன்றும் அந்தக் கோலம் கையில் இருந்தது. ஓரங்கள் மட்டும் கொஞ்சம் கசிந்திருந்தன.

சின்ன வயதில் எனக்கு அது பெரிய புதிர். மருதாணி இரண்டு வாரத்தில் போய்விடுகிறது. பேனா மை நாலு குளியலில் போய்விடுகிறது. மேல்தோல் ஏறத்தாழ மாதத்துக்கு ஒருமுறை தன்னைப் புதுப்பித்துக்கொள்கிறது என்று பின்னால் பள்ளியில் படித்தபோது புதிர் இன்னும் இறுகியது. அகத்தியிலையும் மஞ்சளும் சேர்த்து எரித்த கரி, எழுபது வருஷம் ஒரே இடத்தில் எப்படி உட்கார்ந்திருக்கும்?

பாதி விடை எளிது. ஊசி மேல்தோலைத் தாண்டி, அப்படி உதிராத அடித்தோலில் கரியை இறக்குகிறது. மீதிப் பாதிதான் சுவையானது. இறங்கிய கரி அங்கே சும்மா கிடப்பதில்லை. வேண்டாத பொருள் வந்துவிட்டது என்று சில செல்கள் நகர்ந்துவந்து அதை விழுங்கிவிடுகின்றன. ஆனால் கரியைச் செரிக்க உடம்பில் நொதி கிடையாது. விழுங்கிய செல், வயிறு நிறையக் கரியோடு அங்கேயே தங்கிவிடுகிறது. கையில் நாம் பார்த்த கோலம், பெரும்பாலும் அப்படித் தங்கிவிட்ட செல்களின் வரிசைதான்.

செல்லுக்கும் ஆயுள் உண்டே, அது செத்தால் கரி என்னவாகும்? 2018-இல் பிரான்சின் மார்செய் நகரத்து ஆய்வாளர்கள் இதைச் சோதித்தார்கள். எலிகளின் வாலில் பச்சைச் சாயத்தால் கோடு குத்தினார்கள். பிறகு சாயத்தை விழுங்கிய அந்த வகைச் செல்களை மட்டும் கொன்றார்கள். கோடு மங்கவே இல்லை. செத்த செல்கள் விட்டுச்சென்ற சாயத்தை, புதிதாக வந்த செல்கள் விழுங்கிக்கொண்டிருந்தன. அப்பத்தாவின் கோலமும் இப்படித்தான் தலைமுறை தலைமுறையாகச் செல் மாறியே எழுபது வருஷத்தைக் கடந்திருக்க வேண்டும்.

இந்தச் செல்லுக்கு மேக்ரோஃபேஜ் என்று பெயர். கிரேக்கத்தில் ‘பெரிய தின்னி’ என்று பொருள். நம் பாடநூல்கள் பெருவிழுங்கி என்கின்றன. நானும் அப்படியே அழைக்கிறேன். இதன் வேலையை முதலில் புரிந்துகொண்டவர் இலியா மெச்னிகோவ் என்ற ரஷ்ய விலங்கியலாளர். 1882-இல் சிசிலித் தீவின் மெசினா நகரில் தங்கியிருந்தார். வீட்டிலிருந்தவர்கள் சர்க்கஸில் குரங்கு பார்க்கப் போயிருந்த ஒரு நாள், கண்ணாடி போல உள்ளே தெரியும் நட்சத்திர மீன் குஞ்சுகளின் உடம்பில் தோட்டத்து ரோஜா முள்ளைச் செருகிவைத்தார். மறுநாள் காலை பார்த்தால், முள்ளைச் சுற்றி செல்கள் கூடி மொய்த்திருந்தன. உடம்பு தன்னைக் காத்துக்கொள்வதில் விழுங்குவதும் ஒரு வழி என்ற எண்ணம் அங்கேதான் பிறந்தது. 1908-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

மெச்னிகோவுக்கு ஒரு வசதி இருந்தது. அவர் பார்த்தது உயிருள்ள செல்களை; எது நகர்ந்துவந்து முள்ளைச் சூழ்கிறது என்று கண்ணாலேயே பார்க்கலாம். பச்சை குத்திய தோலில் இன்னொரு வசதி, தின்ற கரியே செல்லைக் காட்டிக்கொடுத்துவிடும். மருத்துவமனை ஆய்வகத்தில் இந்த இரண்டு வசதியும் இல்லை. அங்கே வருவது ஃபார்மலினில் ஊறி, மெழுகில் புதைந்து, சீவப்பட்ட செத்த திசு. அதில் எது பெருவிழுங்கி என்று சொல்வது எப்படி?

இது ஏட்டுக்கேள்வி அல்ல. ஒருவருக்கு வயிற்றில் எரிச்சல். குழாய் விட்டுப் பார்க்கும்போது இரைப்பையின் உட்சுவரில் மஞ்சளாய் ஒரு புள்ளி தென்படுகிறது. மருத்துவர் நெல்மணி அளவுக்குக் கிள்ளி எடுக்கிறார். ‘சதை எடுத்து டெஸ்டுக்கு அனுப்பியிருக்கு’ என்று வீட்டில் சொல்லும்போதே எல்லோருக்கும் வயிறு கலங்கும். நுண்நோக்கியின் கீழ், சுரப்பிகளுக்கு நடுவே, வெளிறி உப்பிய செல்கள் கூட்டமாகத் தெரிகின்றன. இவை கொழுப்பை விழுங்கி நுரை போல உப்பிய பெருவிழுங்கிகளாக இருக்கலாம். அப்படியானால் அது சாந்தோமா என்ற தீங்கற்ற புள்ளி. அந்தச் செல்களால் எந்த ஆபத்தும் இல்லை. அல்லது, சளி நிரம்பி உட்கருவை ஓரத்துக்குத் தள்ளிய முத்திரை மோதிரச் செல்களாக இருக்கலாம். அப்படியானால் அது இரைப்பைப் புற்றுநோயின் கொடிய வகைகளில் ஒன்று. தேர்ந்த கண் பெரும்பாலும் வித்தியாசம் கண்டுவிடும். திசு சிறியதாகவும் நசுங்கியும் வந்தால், தேர்ந்த கண்ணும் தயங்கும்.

போதாக்குறைக்குப் பெருவிழுங்கி இடத்துக்கு இடம் வேஷம் மாற்றும். கல்லீரலில் ரத்த நாளத்தின் உட்சுவரில் ஒட்டியிருக்கும். அங்கே அதற்குக் குப்ஃபர் செல் என்று பெயர். மூளையில் மெல்லிய கிளைகள் விரித்திருக்கும். காசநோய்க் கட்டியில் பல செல்கள் ஒன்றாகி, உட்கருக்கள் குதிரை லாடம் போல அடுக்கிய ராட்சதச் செல்லாகும். தொழுநோயின் ஒரு வகையில் கிருமிகளைத் தின்று நுரைத்திருக்கும். முகத்தை வைத்து ஆளைச் சொல்ல முடியாது. வேறு எதையாவது வைத்துத்தான் சொல்ல வேண்டும்.

கூட்டத்தில் ஒரு தையல்காரரை எப்படிக் கண்டுபிடிப்போம்? முகத்தில் எழுதியிருக்காது. கழுத்தில் இஞ்சு டேப் தொங்கினால் ஓரளவு சொல்லிவிடலாம். செல்லுக்கும் அப்படியே. அது செய்யும் வேலைக்கு வேண்டிய புரதங்கள் அதனிடம் இருக்கும். மற்றச் செல்களிடம் அரிதாகவும் இதனிடம் நிறையவும் இருக்கும் புரதம் ஒன்றைக் கண்டுபிடித்தால், அதுவே அடையாளப் புரதம். பெருவிழுங்கிக்கு அப்படிக் கிடைத்தவற்றில் மிக அதிகமாகப் புழங்குவது சிடி68. இது செல்லின் வயிற்றில், அதாவது விழுங்கியதைச் செரிக்கும் லைசோசோம் என்ற பைகளின் சவ்வில் பதிந்திருக்கிறது. ஓயாமல் தின்னும் செல்லில் செரிமானப் பைகள் ஏராளம். அதனால் சிடி68-உம் ஏராளம். இந்தக் காரணத்தை வாசகர் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் வேலை இருக்கிறது.

டேப்பைக் கண்ணால் பார்க்கலாம். புரதத்தை அப்படிப் பார்க்க முடியாது. அதைத் தேடிப்போய்ப் பிடிக்கும் கை ஒன்று வேண்டும். அந்தக் கை, எதிர்ப்பொருள். ஆன்டிபாடி என்றால் கொரோனா காலத்துக்குப் பிறகு எல்லோருக்கும் தெரியும். கவட்டைக் குச்சி போன்ற வடிவம். இரண்டு கிளைகளின் நுனியும், ஏதோ ஒரு பொருளின் ஒரு சிறு மேடுபள்ளத்தில் மட்டும் கச்சிதமாகப் பொருந்தும். அந்த மேடுபள்ளத்தைப் பிடியிடம் என்று சொல்லிக்கொள்வோம். எதிர்ப்பொருள் முழுப் புரதத்தையும் அறிவதில்லை. அது அறிவது பிடியிடத்தை மட்டுமே. இந்தத் துறையில் வரும் குழப்பங்களில் பாதிக்கும் மேல், இதை மறந்துவிடுவதால் வருபவை என்பது என் எண்ணம்.

ஒரு விலங்குக்கு மனிதப் புரதத்தை ஊசி போட்டால், அதன் உடம்பு அந்தப் புரதத்துக்கு எதிராக எதிர்ப்பொருள் செய்யும். ஆனால் ஒன்றல்ல, நூறு விதம். வெவ்வேறு செல்கள் வெவ்வேறு பிடியிடங்களுக்குச் செய்த கலவை. அந்த விலங்கு இறந்துவிட்டால் அதே கலவை மறுபடி கிடைக்காது. ஊறுகாய் போடும் கைக்கு ஒரு ருசி என்பது போல, ஒவ்வொரு விலங்கும் ஒரு மாதிரி. 1975-இல் கேம்பிரிட்ஜில் ஜார்ஜ் கோலர், சீசர் மில்ஸ்டைன் என்ற இருவர் இதற்கு வழி கண்டார்கள். எலியின் மண்ணீரலில் எதிர்ப்பொருள் செய்யும் செல்லைச் சாவில்லாத புற்றுச் செல்லோடு இணைத்தார்கள். இணைந்த செல் முதலாவதிடமிருந்து எதிர்ப்பொருள் செய்யும் திறனையும், இரண்டாவதிடமிருந்து ஓயாமல் பெருகும் குணத்தையும் பெற்றது. அப்படிப்பட்ட ஒரே ஒரு செல்லைத் தனியே எடுத்து வளர்த்தால், அதன் வாரிசுகள் அத்தனையும் அச்சு அசலாக ஒரே எதிர்ப்பொருளைச் சுரக்கும். இதற்கு மோனோகுளோனல் ஆன்டிபாடி என்று பெயர். ஒரு தாய்ச் செல்லின் மக்கள் செய்வது என்பதால் ஒருதாய் எதிர்ப்பொருள் என்பேன். 1984-இல் இருவருக்கும் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது.

இனி கதை ஆக்ஸ்ஃபோர்டுக்குப் போகிறது. அங்கே ஜான் ராட்கிளிஃப் மருத்துவமனையைச் சேர்ந்த ஒரு குழு, மனித நுரையீரலின் காற்றறைகளில் வாழும் பெருவிழுங்கிகளை எடுத்து, உடைத்து, அதில் பிரித்த ஒரு பகுதியை எலிக்குச் செலுத்தியது. எலியின் மண்ணீரலிலிருந்து செய்த கலப்புச் செல்களில் ஒன்று சுரந்த எதிர்ப்பொருளுக்குக் கேபி1 என்று பெயர் வைத்து, 1989-இல் காரன் புல்ஃபோர்டும் சகாக்களும் வெளியிட்டார்கள். அது பிடித்தது சிடி68-ஐ. அந்தப் புரதத்தின் மரபணு வரிசை தெரியவந்ததே 1993-இல்தான். 354 அமினோ அமிலங்களின் சங்கிலி. அதன் மேல் சர்க்கரைகள் அடர்ந்து மூடியிருப்பதால், சங்கிலிக்கு மட்டும் உரிய எடையைப் போல மூன்று மடங்கு கனம் காட்டும்.

சிடி68 என்ற பெயரிலேயே இந்தத் துறையின் வரலாறு இருக்கிறது. எண்பதுகளில் ஊருக்கு ஊர் ஆய்வகங்கள் வெள்ளணுக்களுக்கு எதிராக எதிர்ப்பொருள் செய்து குவித்தன. ஒரே புரதத்தைப் பிடிப்பவற்றுக்குப் பத்துப் பெயர். 1982-இல் பாரிஸில் கூடி, ஒரே மாதிரி நடந்துகொள்ளும் எதிர்ப்பொருள்களை ஒரு திரளாகச் சேர்த்து, திரளுக்கு ‘சிடி’ என்ற முன்னொட்டோடு ஒரு எண் தரும் முறையைத் தொடங்கினார்கள். முதலில் எண் பெற்றது எதிர்ப்பொருள் கூட்டம். புரதத்துக்கு அந்த எண் பெயராக ஒட்டிக்கொண்டது.

பெருவிழுங்கியைப் பிடிக்கும் எதிர்ப்பொருள்கள் அதற்கு முன்பும் இருந்தன. ஆனால் அவற்றில் பலவற்றுக்கு உறைய வைத்த பச்சைத் திசுதான் வேண்டும். மருத்துவமனை வழக்கமோ வேறு. கிள்ளிய திசுவை அழுகாமல் காக்க உடனே ஃபார்மலினில் போடுவார்கள். ஃபார்மலின், புரதங்களுக்குக் குறுக்கே பாலம் போட்டு எல்லாவற்றையும் ஒன்றோடொன்று கட்டிவிடும். அழுகல் நிற்கும், வடிவம் நிலைக்கும். ஆனால் பிடியிடங்கள் பல நசுங்கும், அல்லது கட்டுகளுக்குள் மறையும். கேபி1-இன் பெருமை, அது பிடிக்கும் இடம் ஃபார்மலினையும் தாங்கி நின்றது. இதனால் என்ன ஆயிற்று என்றால், மருத்துவமனைகளின் அலமாரிகளில் வருஷக்கணக்கில் அடுக்கிவைத்திருந்த மெழுகுக் கட்டிகளையெல்லாம் திரும்ப எடுத்துக் கேள்வி கேட்க முடிந்தது.

ஃபார்மலின் மறைத்த பிடியிடங்களுக்கும் 1991-இல் வழி பிறந்தது. ஃபார்மலின் கட்டுகளைக் கடும் சூடு அவிழ்க்கும் என்று 1940களின் வேதியியல் ஆய்வுகள் காட்டியிருந்தன. அதைப் படித்த ஷான்-ரோங் ஷி, மெழுகுத் திசுவை மைக்ரோவேவ் அடுப்பில் கொதிக்க வைத்துப் பார்த்தார். பல பிடியிடங்கள் மீண்டும் வெளிப்பட்டன. இன்று பல ஆய்வகங்களில் இதற்குப் பிரஷர் குக்கரே பயன்படுகிறது, நம் அடுக்களையில் இருக்கும் அதே வகைதான். விசில் வருகிற குக்கருக்குள் மனிதத் திசு ஏந்திய கண்ணாடிகள் வேகின்றன என்று முதன்முறை கேட்டபோது எனக்கு நம்பவே முடியவில்லை.

சரி, அந்த ஆய்வகத்துக்குள் போவோம். மெழுகுக் கட்டியை மைக்ரோடோம் என்ற சீவுகருவி மூன்று நான்கு மைக்ரான் கனத்தில் சீவுகிறது. தலைமுடியின் குறுக்களவில் ஏறத்தாழ இருபதில் ஒரு பங்கு. சீவல் நீரில் மிதக்க, அதைக் கண்ணாடிச் சில்லில் ஏந்துகிறார்கள். மெழுகைக் கரைத்து, சூட்டில் வேகவைத்து, அதன் மேல் கேபி1 கரைசலைச் சொட்டுகிறார்கள். சிடி68 இருக்கும் இடத்தில் அது பற்றிக்கொள்ளும். மற்ற இடத்திலிருந்து கழுவினால் போய்விடும்.

பற்றிய பிறகும் ஒன்றும் தெரியாது, எதிர்ப்பொருளுக்கு நிறம் இல்லை. அதனால் இரண்டாவது ஒரு எதிர்ப்பொருள். கேபி1 எலியில் பிறந்தது. எலியின் எதிர்ப்பொருள் எதுவானாலும் அதைப் பிடிக்கும்படி ஆட்டிலோ முயலிலோ செய்தது இது. முன்னே போகிறவர் இருட்டில் ஆளைப் பிடித்துக்கொள்ள, பின்னே தீவட்டியோடு வருகிறவர் போல. தீவட்டியின் இடத்தில் இருப்பது பெராக்சிடேஸ் என்ற நொதி. முள்ளங்கிக் குடும்பத்தைச் சேர்ந்த, காரமான ஓர் ஐரோப்பிய வேரிலிருந்து எடுப்பது. (இந்தியாவில் அந்த வேர் கிடைக்காத வெள்ளைக்காரர்கள் நம் முருங்கை வேரை அதற்குப் பதிலாக அரைத்துக்கொண்டார்கள், முருங்கைக்கு ஆங்கிலத்தில் அந்த வேரின் பெயரே ஒட்டிக்கொண்டது.) ஹைட்ரஜன் பெராக்சைடும், டிஏபி எனப்படும் நிறமற்ற வேதிப்பொருளும் ஊற்றினால், நொதி டிஏபியைப் பழுப்பு வண்டலாக மாற்றி அந்த இடத்திலேயே படியவைக்கும். ஒரு நொதி ஓயாமல் ஆயிரக்கணக்கான மூலக்கூறுகளை மாற்றுவதால், கண்ணுக்கே தெரியாத புரதம் கண்ணுக்குத் தெரியும் பழுப்பாகிறது. பிறகு உட்கருக்களுக்கு மட்டும் நீலச் சாயம் காட்டுகிறார்கள். நீல மணிகளுக்கு நடுவே, சில செல்களின் உடல் மட்டும் பழுப்புத் துகள்களால் நிரம்பியிருக்கும். துகள் துகளாகத் தெரிவதே ஒரு நல்ல அறிகுறி. சிடி68 இருப்பது பைகளில் அல்லவா?

இரைப்பைப் புள்ளிக்கு வருவோம். அந்த உப்பிய செல்கள் கேபி1-க்குப் பழுப்பாகி, புறத்தோல் வகைச் செல்களின் புரதமான கெராட்டினுக்கு வெறுமையாக நின்றால், சாந்தோமா. கெராட்டினுக்குப் பழுப்பாகி, கேபி1-க்கு வெறுமையானால், புற்று. ஒரு கேள்வியை இரண்டு பக்கமிருந்தும் கேட்கிறார்கள் என்பதைக் கவனியுங்கள். ‘இது பெருவிழுங்கியா’ என்று மட்டும் கேட்டு நிறுத்துவதில்லை.

பழுப்பை எப்போது நம்பலாம்? எனக்கு இந்தத் துறையில் மிகவும் பிடித்த பகுதி இதுதான். ஒவ்வொரு முறையும் நோயாளியின் திசுவோடு, பெருவிழுங்கி நிச்சயம் இருக்கும் என்று தெரிந்த ஒரு டான்சில் துண்டையும் அதே கரைசல்களில் நனைக்கிறார்கள். அதில் பழுப்பு வராவிட்டால், நோயாளியின் திசுவில் வராததற்கும் அர்த்தம் இல்லை, கரைசல் கெட்டிருக்கும். இன்னொரு துண்டில் கேபி1-ஐ மட்டும் விட்டுவிட்டு மற்றதையெல்லாம் செய்கிறார்கள். அதில் பழுப்பு வந்தால், வேறெங்கோ பிழை. ரத்தச் செல்களில் பெராக்சிடேஸ் போல வேலை செய்யும் பொருள்கள் இயல்பாகவே இருப்பதால், முன்கூட்டியே அவற்றை முடக்காவிட்டால் அவையும் பழுப்பாகிப் பொய் சொல்லும். நோயாளியின் திசுவிலேயே, சந்தேகத்துக்கு இடமில்லாத சாதாரணப் பெருவிழுங்கி ஒன்றிரண்டு எங்காவது இருக்கும். அவை பழுப்பாகியிருக்கின்றனவா என்று பார்த்த பிறகுதான் சந்தேகச் செல்லைப் பார்க்க வேண்டும்.

இத்தனையும் சரியாக இருந்தாலும் பழுப்பு ஒரு பொய் சொல்லக்கூடும். நாக்கில் வரக்கூடிய ஒரு சிறு கட்டி உண்டு, குறுமணிச் செல் கட்டி என்பார்கள். அதன் செல்களுக்குள் குறுமணிகள் நிறைந்திருக்கும். கேபி1 போட்டால் பளிச்சென்று பழுப்பு. அப்படியானால் பெருவிழுங்கிகளா? இல்லை. 1926-இல் இதை விவரித்த அப்ரிகோசோவ் தசையிலிருந்து வருவதாக நினைத்தார். இன்று இது நரம்பைச் சுற்றி உறையிடும் செல்களிலிருந்து வருவது என்று தெரியும். பின்னே ஏன் பழுப்பு? அந்தக் குறுமணிகள் அத்தனையும் லைசோசோம்கள். முன்பு நினைவில் வைக்கச் சொன்னது இதைத்தான். சிடி68 ‘நான் பெருவிழுங்கி’ என்று சொல்வதில்லை. ‘இங்கே செரிமானப் பை நிறைய இருக்கிறது’ என்று சொல்கிறது. பெருவிழுங்கியிடம் அது நிறைய இருப்பதால் நாம் அப்படிப் படித்துக்கொள்கிறோம். இஞ்சு டேப் தச்சரிடமும் இருக்கும்.

கேபி1 எலும்பு மச்சையில் வளரும் இளம் வெள்ளணுக்களையும் பழுப்பாக்கும். இதைத் தவிர்க்க, 1993-இல் இத்தாலியின் பெரூஜியாவில் ப்ரூனோ ஃபலினியின் குழு பிஜி-எம்1 என்ற இன்னொரு ஒருதாய் எதிர்ப்பொருளைச் செய்தது. கௌச்சர் நோய் கண்ட ஒருவரின் மண்ணீரல் செல்களை எலிக்குச் செலுத்திப் பெற்றது அது. அந்த நோயில் ஒரு நொதி குறைவதால், கொழுப்பைச் செரிக்க முடியாத பெருவிழுங்கிகள் மண்ணீரலை அடைத்து வீங்கவைக்கும். இதைவிட நல்ல மூலப்பொருள் கிடைக்காது. பிஜி-எம்1-உம் பிடிப்பது அதே சிடி68-ஐத்தான், ஆனால் வேறொரு பிடியிடத்தை. அந்த இடம் பெருவிழுங்கியின் சிடி68-இல் வெளிப்படுகிறது, இளம் வெள்ளணுக்களுடையதில் அப்படித் தெரிவதில்லை. துணி டேப்பையும் இரும்பு டேப்பையும் பிரித்தறியும் கை என்று வைத்துக்கொள்ளலாம். ஆகவே மருத்துவ அறிக்கையிலோ ஆய்விலோ ‘சிடி68 பாசிட்டிவ்’ என்று மட்டும் எழுதினால் போதாது. எந்த எதிர்ப்பொருளால் என்றும் எழுத வேண்டும். பல கட்டுரைகளில் அந்த ஒரு சொல் விடுபட்டிருப்பதைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கும். அது இல்லாமல் பழுப்பின் பொருளைப் படிப்பவரால் எடை போட முடியாது. இப்போது சிடி163 என்ற மற்றொரு புரதத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறார்கள். சிதைந்த ரத்தத்தின் ஹீமோகுளோபினை அள்ளிக்கொள்ள பெருவிழுங்கி வைத்திருக்கும் கொக்கி அது. வயிறு சொல்வதையும் கொக்கி சொல்வதையும் சேர்த்துக் கேட்டால், ஒன்று மட்டும் சொல்வதைவிட நம்பகம் கூடும்.

பச்சை குத்திய தோலில் இந்தச் சோதனையைச் செய்தால் ஒரு சங்கடம் வரும். பெருவிழுங்கிக்குள் ஏற்கெனவே கரி இருக்கிறது. டிஏபியின் பழுப்பு அதோடு கலந்தால் எது கரி, எது சாட்சி என்று பிரிக்க முடியாது. குத்திய சாயம் நிணநீர் முடிச்சுக்கும் போய்ச் சேரும். அங்கே கறுத்துக் கிடக்கும் முடிச்சைப் பார்த்து, கருமைப் புற்று பரவிவிட்டதோ என்று அறுவை மருத்துவர் திடுக்கிட்டதும் உண்டு. இம்மாதிரி இடங்களில் ஆய்வகம் நொதியையும் சாயத்தையும் மாற்றி, பழுப்புக்குப் பதில் சிவப்பு வரும்படி செய்கிறது. அப்பத்தாவின் கைத்தோலை அப்படிச் சீவிப் பார்த்திருந்தால், நீல உட்கருக்களுக்கு நடுவே சிவந்த செல்கள் வரிசையாக நின்றிருக்கும். ஒவ்வொன்றின் வயிற்றிலும், அவர் பதினோரு வயதில் வாங்கிக்கொண்ட கரியின் சில துகள்கள்.